சுட்டது யார்?

கேள்வி: தாய்க்கும் மகளுக்கும் இடையிலான மனப்போராட்டத்தை மையமாக வைத்து வந்த நல்ல கொலைப் படம் ஒன்று சொல்லுங்களேன்?

பதில்: 'மில்ட்ரெட் பியர்ஸ்'. 1945இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். ஆரம்பத்திலேயே கடற்கரை வீடொன்றில் ஒருவன் சுடப்பட்டு விழுகிறான். சுட்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

கணவன் பிரிந்துபோன பின், மூத்த மகள் வேடாவின் ஆசைகளுக்கு ஈடுகொடுக்க மில்ட்ரெட் ஓட்டலில் பரிமாறுகிறாள், வீட்டில் கேக் சுட்டு விற்கிறாள், பிறகு உணவகங்களுக்கே முதலாளி ஆகிறாள். அந்தக் காசில் வளர்ந்தவளுக்கோ அம்மாவின் மேல் அடிக்கும் எண்ணெய் வாடைதான் அவமானம். மாடிப்படியில் மகள் தாயை அறையும் காட்சி இருக்கிறதே, கொலையைவிட என்னை உலுக்கியது அதுதான். கொடுத்துக் கொடுத்தே கெடுத்தவள் அந்த அம்மா என்பதையும் படம் மறைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜேம்ஸ் எம். கெய்ன் 1941இல் எழுதிய மூல நாவலில் கொலையே கிடையாது! தப்பு செய்தவர் தண்டனை பெற்றாக வேண்டும் என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி; அதற்காகத்தான் படத்தில் கொலையைச் சேர்த்தார்கள். 2011இல் டாட் ஹேன்ஸ், கேட் வின்ஸ்லெட்டை வைத்து எடுத்த ஐந்து பகுதித் தொடர் நாவலையே பின்பற்றியது. நேரமிருந்தால் அதையும் பாருங்கள். ஆனால் என் ஓட்டு பழையதற்கே. தாயாக நடித்த ஜோன் கிராஃபோர்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று விழாவுக்குப் போகாத அவர், வீட்டில் கட்டிலில் இருந்தபடியே அதை வாங்கிக்கொண்டார்.