மரக்காணம் வரை வரும் கால்வாய்

கேள்வி: பாப்டிஸ்ட் சபையும் சி.எஸ்.ஐ.யும் ஒன்றா? நம் பக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், குயிலாப்பாளையம்

பதில்: வேறு வேறு. உங்கள் திண்டிவனம் வட்டாரத்தில் ஊழியம் செய்தது அமெரிக்க ஆற்காடு மிஷன். அதன் சபைகளில் கைக்குழந்தைக்கும் ஞானஸ்நானம் உண்டு. 1947-ல் அந்தச் சபைகள் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தன, பாப்டிஸ்டுகள் சேரவில்லை. விவரம் தெரிந்த வயதில், தானாக விரும்பி, தண்ணீரில் முழுசாக முங்கி எழுந்தால்தான் அவர்களுக்கு ஞானஸ்நானம்.

தொடர்பா? மரக்காணம் உப்பளம் பக்கம் போனால் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியைப் பார்க்கலாம். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) அதே கால்வாயின் ஆந்திரப் பகுதியில் மூன்று மைல் வெட்ட காண்ட்ராக்ட் எடுத்தவர், ஒங்கோல் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ். நில அளவை தெரிந்தவர். மண் சுமக்க வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிக சாதியினர். கூலியும் கிடைத்தது, ஓய்வு நேரத்தில் பிரசங்கமும் கிடைத்தது. சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். கஞ்சிக்காக வந்த கூட்டம் என்ற பேச்சு வரக்கூடாதே என்று ஏறத்தாழ 15 மாதம் ஒருவரையும் அவர் சேர்க்கவில்லை. (இந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்த இடம்.)

பிறகு 1878 ஜூலை 3. குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முங்கி எழுந்தார்கள். ஆறு போதகர்கள், இரண்டிரண்டு பேராக ஆற்றில் இறங்கி, கை அசந்தால் அடுத்த ஜோடிக்கு இடம் விட்டார்கள். கிளவ் தண்ணீரில் இறங்கவேயில்லை.