பட்டம் கைக்கு வருமுன்: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை ஒவ்வொரு ஆண்டும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. “அப்ளை பண்ணிட்டேன், இன்னும் பணம் வரல.” “ஆள் எடுத்தாங்களாம், முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது.” காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவும் கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பாவும் படிக்க வைக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. உதவித்தொகை இருக்கிறது, வேலைப் பயிற்சியும் இருக்கிறது. காகிதமும் வங்கிக் கணக்கும் சரியாக இல்லாததால்தான் அவை கை நழுவிப் போகின்றன. அதனால் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே வேலையைத் தொடங்குங்கள்.

1. சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்

சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். மற்றவற்றை ஒருமுறை வாங்கினால் போதும். திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்குத் திருவொற்றியூர் வட்டம், சென்னை மாவட்டம். அத்திப்பட்டு, மீஞ்சூர் என்றால் பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். வட்டத்தை மாற்றிப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்கள் இன்னொரு சான்றிதழையும் சேர்த்து வாங்குங்கள்: மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ். மணலி சுத்திகரிப்பு ஆலையும் பெருந்துறைமுகங்களும் மத்திய அரசின் கீழ் வருபவை. நம் மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் காட்டினால் அங்கே இடஒதுக்கீடு கிடைக்காது. அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதி முடிந்துவிடும்.

2. பெயரை ஒன்றாக்குங்கள்

மதிப்பெண் பட்டியலில் “கார்த்திக் ரா”, ஆதாரில் “கார்த்திக் ராஜேந்திரன்”, வங்கியில் “ஆர். கார்த்திக்” என்று இருந்தால் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் அடிப்படை. மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். முதலில் ஆதார், பிறகு வங்கி. இந்த வரிசை மாறக்கூடாது.

3. வங்கிக் கணக்கு: எல்லாரும் சிக்கும் இடம்

“ஆதார் லிங்க் பண்ணியாச்சு” என்று பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அது உங்களை அடையாளம் காண்பதற்கு, அதைத்தான் கே.ஒய்.சி. என்பார்கள். அரசு நேரடியாகப் பணம் போடுவதற்கு, அதாவது டி.பி.டி.க்கு, வேறொரு இணைப்பு வேண்டும். இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆதார் எண்ணுக்கும் எதிரே ஒரே ஒரு வங்கிதான் அதில் இருக்கும். அரசு உங்கள் ஆதார் எண்ணுக்குப் பணம் அனுப்பினால் அந்தப் பட்டியலில் உள்ள வங்கிக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணை அது பார்ப்பதில்லை.

இதனால் நடப்பது என்ன? பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காக ஒரு கணக்கு தொடங்கியிருப்பீர்கள். ஆதார் அதோடு இணைந்திருக்கும். பிறகு கல்லூரிக்குப் பக்கத்து வங்கியில் புதுக்கணக்கு தொடங்கி, விண்ணப்பத்தில் அதை எழுதுவீர்கள். பணம் பழைய கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கில் இரண்டு ஆண்டுகளாக நீங்கள் எதுவும் செய்யாமல் இருந்தால் அது முடங்கியிருக்கலாம். பணம் திரும்பிப் போகவும் கூடும். பதினெட்டு வயதுக்கு முன் பெற்றோர் பெயரைச் சேர்த்துத் தொடங்கிய கணக்கென்றால், வயது வந்த பின் அதை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை.

சரிசெய்யும் முறை இது:

முதலில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பாருங்கள். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து நுழைந்தால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயரும் ‘ஆக்டிவ்’ என்ற சொல்லும் தெரிய வேண்டும். இணையம் இல்லாவிட்டால் வங்கியில் பதிந்த கைப்பேசியிலிருந்து *99*99*1# அழுத்துங்கள்.

வங்கி மாற வேண்டுமானால், வேண்டிய வங்கியின் கிளைக்கு நேரில் போங்கள். “ஆதார் லிங்க் பண்ணணும்” என்று மட்டும் சொல்லாதீர்கள், கே.ஒய்.சி. படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் செய்ய வேண்டும்” என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் பழைய வங்கியின் பெயரையும் எழுதுங்கள். முத்திரை வைத்த ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு வாரம் கழித்து மைஆதாரில் மறுபடி பாருங்கள். ‘ஆக்டிவ்’ என்று வரும்வரை வேலை முடியவில்லை.

என் விதி ஒன்று: படிக்கும் காலத்தில் ஒரே கணக்குதான். சலுகை தருகிறார்கள் என்று செயலிகளில் புதுக்கணக்கு தொடங்காதீர்கள். ஒப்புதல் கட்டத்தைக் கவனிக்காமல் தட்டினால் ஆதார் இணைப்பு அங்கே தாவிவிடும்.

4. உதவித்தொகைகள்

மேலே சொன்னது முடிந்தால் மற்றது எளிது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று இந்தத் திட்டம் தொடங்கப்பட்டது நம் பகுதியின் பாரதி மகளிர் கல்லூரியில்தான். மாணவர்களுக்கு அதே தொகை, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது சேரலாம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்கு வருமான வரம்பு இல்லை.

எல்லாமே கல்லூரி அலுவலகம் செய்யும் யூ.எம்.ஐ.எஸ். என்னும் மாணவர் தகவல் பதிவு வழியாகத்தான் நடக்கும். உங்கள் யூ.எம்.ஐ.எஸ். எண்ணைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பள்ளியின் இ.எம்.ஐ.எஸ். எண்ணும் தேவைப்படும்.

5. அப்ரண்டிஸ்: யாரும் சொல்லாத கதவு

பொறியியல் படித்தவர்களுக்குத்தான் அப்ரண்டிஸ் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு. அது தவறு. பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ. முடித்தவர்களுக்கும் ஓராண்டுப் பயிற்சி உண்டு. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பகுதியில் இந்த வரம்புக்குள் வரும் ஆலைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பட்டதாரிக்கு மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று 2019 விதிகள் குறைந்தபட்ச ஊக்கத்தொகையை வகுத்தன. அதில் பாதியை மத்திய அரசு நேரடியாக உங்கள் கணக்கில் போடும். மூன்றாம் படியைத் தாண்டாதவர்கள் இங்கேயும் சிக்குவார்கள்.

நாட்ஸ் என்னும் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் மாணவராகப் பதிந்து ஒரு பதிவு எண் வாங்குங்கள். கடைசி செமஸ்டர் முடிவு வந்த வாரமே பதியுங்கள். தென்மண்டல அலுவலகம் தரமணியில் இருக்கிறது. பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் அழைக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை தளத்திலும் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலும் அறிவிப்பைத் தேடி, தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இந்தச் சட்டத்தின்கீழ் அப்ரண்டிஸ் முடித்தவரை மறுபடி எடுப்பதில்லை. பட்டத்துக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களையும் பொதுத்துறை அறிவிப்புகள் ஒதுக்குகின்றன. ஆகவே பட்டம் வாங்கியதும் கிடைத்த முதல் வேலையில் சேர்ந்து ஓராண்டு கழிந்தால் இந்தக் கதவு மூடிவிடும். முதலில் அப்ரண்டிஸுக்கு முயலுங்கள். சின்ன நிறுவனம், பெரிய நிறுவனம் இரண்டும் அழைத்தால் பெரியதைத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தருவதாகச் சட்டம் உறுதி சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரிய ஆலையில் ஓராண்டு இருந்த சான்றிதழ் அடுத்த நேர்காணலில் பேசும்.

6. முகாம்களும் போட்டிகளும்

தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் பதிந்து வையுங்கள். வேலைவாய்ப்பு முகாம்களின் தேதி அங்கே வரும். ஒரு முகாமில் நான்கு நிறுவனத்துக்கு மேல் வரிசையில் நிற்காதீர்கள். அந்த நான்கையும் முந்தின நாளே தேர்ந்தெடுங்கள். ஐந்து பயோடேட்டா போதும்.

தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டித் தமிழ் வளர்ச்சித் துறை கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்துகிறது. மாவட்ட அளவில் முதல் பரிசு 5,000 ரூபாய். தமிழ்த்துறைப் பேராசிரியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் மதிப்பீட்டுத் தேர்வை எழுதுங்கள். தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள்.

7. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

“ஹார்பர்ல ஆள் தெரியும், இரண்டு லட்சம் கொடு” என்பவர் நம் தெருவிலேயே இருப்பார், உறவுக்காரராகவும் இருக்கலாம். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் தரகர் வழியாக ஆள் எடுப்பதில்லை. கப்பல் வேலை என்றால், அந்த ஏஜென்ட் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவரா என்று அதன் தளத்தில் பாருங்கள். உரிமம் பெற்றவர் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. அம்மாவின் நகையை அடகு வைத்து யாரிடமும் வேலை வாங்காதீர்கள்.

இந்த ஏழு படிகளையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. மூன்றாவதை இந்த வாரமே தொடங்கலாம். நாளைக் காலை வங்கிக்குப் போகும்போது தெருவில் முதலாண்டு படிக்கும் பிள்ளை ஒன்றையும் அழைத்துப் போங்கள். ஒருவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.