வீட்டுக்கு எவ்வளவு விலை கேட்பது?

மாணவர்களே, தோட்டத்து லயத்தை விட்டு, பெஸ்தாரி ஜெயாவில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்க அப்பா நினைக்கிறார். எவ்வளவு கேட்கலாம்? படிவம் 2 கணிதம் உதவும்.

அவ்வட்டாரத்தில் அண்மையில் விற்ற ஐந்து வீடுகளின் விலை, ஆயிரம் ரிங்கிட்டில், 210, 220, 225, 230, 340 எனக் கொள்வோம். சராசரி 245. ஆனால், 340க்கு விற்றது பெரிய மூலை வீடு. அது ஒன்றே சராசரியை ஏற்றிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் நடுவெண் 225. இதையே நம்பலாம். கூரையைப் பழுதுபார்க்க 10 ஆகுமென்றால் கழியுங்கள்: 215. இதுவே உச்ச வரம்பு. பேச்சை இதற்குக் கீழே தொடங்க வேண்டும்.

245க்கு ஒப்புக்கொண்டால்? வாங்கும் விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததை வைத்தே வங்கி கடன் தரும். மதிப்பீடு 215 என்றால், 90 விழுக்காட்டுக் கடன் 193,500 ரிங்கிட். மீதி 51,500 அப்பாவின் கைப்பணம். 215க்கு வாங்கினால் 21,500 போதும்.

இக்கணக்கை இன்றே வீட்டில் செய்து காட்டுங்கள்.