தொடாமற் பாயும் வெப்பம்

கல்லடிக் கரைமணல் அந்தியிலும் வெம்மை வீசுதலை அறிவோம். கரும்பொருளினும் மிகுதியாக எப்பொருளும் வெப்பக்கதிர் வீசாதெனக் கல்லூரியிற் பயின்றோம்; 1900இல் பிளாங்கு கண்ட அவ்விதி பொருள்கள் விலகியிருக்கும்போதே செல்லும். வெப்பக்கதிரின் அலைநீளம் நம் சூழலில் ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர். இடைவெளி அதனினும் மிகக் குறுகின், மேற்பரப்பை விட்டகலா அலைகள் எதிர்ப்பொருளைத் தீண்டி வெப்பத்தைக் கடத்தும். சிலிக்காக் கோளத்தையும் தட்டையும் சில பத்து நானோமீற்றர் அளவுக்கு நெருக்கி, அவ்வரம்பினும் ஆயிரமடங்களவு வெப்பம் பாய்தலை 2009இல் ஷெங் ஷென், அரவிந்த் நாராயணசுவாமி, காங் சென் என்போர் அளந்துகாட்டினர்.

இனி, கட்டுப்படுத்தலே வினா. நம் வாவியின் முகத்துவாரம் மணல்மூடின் நீர் தேங்கும், வெட்டின் ஓடும். இங்கும் இடைவெளியை மாற்றுவது ஒரு வழி. ஆயின் அத்துணை நுண்ணிடையில் அசையும் உறுப்புப் பெருந்தொல்லை. வனேடியம் ஈரொட்சைட்டோ 68 பாகை செல்சியசளவில் உலோகத்தன்மை எய்தி, இடைவெளி மாறாமலே சிலிக்காவுடன் நிகழும் பாய்ச்சலைக் குறைக்கின்றது. இதனையே நாம் விரும்புவோம்.