நிலைபொருளும் பண்புகளும்

தரவுத்தளம் ஒன்றை அமைக்கும் முன், எவற்றைப் பற்றிய தரவுகள் தேவை என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். இதற்கு உதவும் நிலைபொருள் - உறவு மாதிரியை 1976 இல் பீற்றர் சென் என்பவர் முன்வைத்தார்.

நிலைபொருள்: தரவு சேமிக்கப்பட வேண்டிய, தனித்து இனங்காணக்கூடிய ஆள், பொருள், இடம் அல்லது நிகழ்வு. வரைபடத்தில் செவ்வகத்தால் காட்டப்படும்.

பண்பு: நிலைபொருளை விவரிக்கும் இயல்பு. நீள்வளையத்தால் காட்டப்படும்.

உதாரணம்

கண்டிக்கு அருகே 1821 இல் அமைக்கப்பட்ட பேராதனை அரச தாவரவியற் பூங்காவில், வெளிநாட்டுப் பிரமுகர்கள் நட்ட ஞாபகார்த்த மரங்கள் உள்ளன. அவற்றுக்கு ஒரு தரவுத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். மர இலக்கம் நாம் வழங்குவதாகும்.

மர இலக்கம் | மரத்தின் பெயர் | நட்ட ஆண்டு
01 | நாகமரம் | 1891
02 | நாகலிங்கம் | 1901

இங்கு "மரம்" நிலைபொருள். நிரல் தலைப்புகள் மூன்றும் பண்புகள். "நாகலிங்கம்" என்பது பண்பு அன்று. பண்பின் பெறுமானம் ஆகும்.

முதன்மைச் சாவி எது?

ஒரே இன மரங்கள் பல இருக்கலாம். ஒரே ஆண்டில் பல மரங்கள் நடப்பட்டிருக்கலாம். எனவே மர இலக்கமே முதன்மைச் சாவியாகும். வரைபடத்தில் அதன் கீழ்க் கோடிடுக.

"நட்டவர்" பண்பா, நிலைபொருளா?

1891 ஆம் ஆண்டு மரத்தை நட்டவர், பின்னர் ரஷ்யப் பேரரசரான இரண்டாம் நிக்கலஸ். ஒருவரே என்பதால் "நட்டவர்" என்னும் பண்பு போதும் எனத் தோன்றும். ஆனால் 1901 ஆம் ஆண்டு மரத்தை நட்டவர்கள் இருவர்: பின்னர் மன்னரான ஐந்தாம் ஜோர்ஜும் அவரது துணைவியார் மேரியும். ஒரே கட்டத்தில் இரு பெயர்களை எழுதினால் தேடுவதும் வரிசைப்படுத்துவதும் கடினம். "நட்டவர் 1", "நட்டவர் 2" எனப் பிரித்தால் முதலாவது மரத்துக்கு ஒரு கட்டம் வெறுமையாகும். மூவர் நட்ட மரத்துக்கு இடமே இராது.

ஆகவே "நட்டவர்" தனி நிலைபொருளாக்கப்படும். பெயர், நாடு என்பன அதன் பண்புகள். "மரம்", "நட்டவர்" ஆகிய இரண்டையும் "நடுதல்" என்னும் உறவு இணைக்கும். உறவு சாய்சதுரத்தால் காட்டப்படும்.

நினைவிற் கொள்க: ஒரு விடயத்துக்குப் பல பெறுமானங்கள் வருமாயின், அல்லது அதற்கே தனிப் பண்புகள் தேவைப்படுமாயின், அதனைத் தனி நிலைபொருளாக்குவதே சிறந்தது.

பயிற்சி

பாடசாலை நூலகத் தரவுத்தளத்தில் "நூலாசிரியர்" பண்பா, நிலைபொருளா? காரணம் தருக.

விடை: நிலைபொருள். ஒரு நூலுக்கு ஆசிரியர் பலர் இருக்கலாம். ஒருவரே பல நூல்களை எழுதியும் இருக்கலாம்.