கிராண்ட் கன்யனுக்கு ஒரு நாட் பயணம்: புவியியல் அறிவைக் கொண்டு திட்டமிடல்

நேரக் கணிப்பு, சமவுயரக்கோட்டுப் படம், ஆற்றரிப்பு, உயரத்துடன் வெப்பநிலை மாறுதல் ஆகியவற்றை மாணவர்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பர். இவை தனித்தனியாக வினவப்படும்போது நன்கு விடை எழுதுவோர்கூட ஒரே வினாவிற் கலந்து வரும்போது தடுமாறுகின்றனர். எனவே இவை அனைத்தும் ஒரே நாளில், ஒரே இடத்தில் தேவைப்படும் ஒரு சந்தர்ப்பத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

தந்தை, தாய், 16 வயது மகன், 68 வயது அம்மம்மா ஆகியோரைக் கொண்ட ஒரு குடும்பத்தைக் கருதுக. ஜூன் மாத நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பிளாக்ஸ்டாஃப் நகரில் இவர்கள் தங்கியுள்ளனர். கிராண்ட் கன்யனைப் பார்ப்பதற்கு அவர்களிடம் ஒரு நாள் மட்டுமே உண்டு. விளிம்பில் நின்று பார்த்தாலே போதும் என்கிறார் அம்மம்மா. மகனோ, கீழே இறங்கிக் கொலராடோ ஆற்றிற் கை நனைத்துவிட்டு மாலைக்குள் ஏறி வந்துவிடலாம் என்கின்றான். அவனுடைய யோசனை ஏற்கத்தக்கதா? இப்பாடம் முழுவதும் இவ்வினாவிற்கான விடையையே தேடுகின்றது.

இடத்தைத் தெரிவு செய்தல்

கிராண்ட் கன்யன் ஏறத்தாழ 446 கி.மீ. நீளமானது. மிக அகன்ற இடத்தில் 29 கி.மீ. அகலமும், 1.6 கி.மீ. அளவு ஆழமும் கொண்டது. 1919ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இத்தகைய நீண்ட நிலவுருவத்திற்கு "போகிறோம்" என்று மட்டும் கூறுவது திட்டமன்று. எந்த விளிம்பிற்கு என்பதை முதலிலே தீர்மானிக்க வேண்டும்.

தெற்கு விளிம்பிலுள்ள கிராமத்திலிருந்து பார்த்தால் வடக்கு விளிம்பு எதிரே தெரியும். நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 16 கி.மீ. மட்டுமே. ஆயினும் வீதியாற் செல்வதாயின் ஏறத்தாழ 340 கி.மீ. சுற்ற வேண்டும். படத்தில் அளவுகோலை வைத்து அளந்த தூரமும் பயணத் தூரமும் வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. மேலும், வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடப்படுவது வழக்கம். 2025 ஜூலையில் மின்னலால் மூண்ட காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோயிற்று. கண்ணாடித் தளம் கொண்ட "ஸ்கைவோக்" என்னும் அமைப்பைப் படங்களிற் பார்த்து அங்கு செல்ல விரும்புவோர் பலர். 2007இல் திறக்கப்பட்ட அது தேசியப் பூங்காவினுள் இல்லை. மேற்கே ஹுவாலபாய் மக்களின் நிலத்தில் உள்ளது. தெற்கு விளிம்பிலிருந்து அங்கு செல்ல ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் பிடிக்கும்.

எனவே பிளாக்ஸ்டாஃபிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. தூரத்தில், ஒன்றரை மணித்தியாலப் பயணத்தில் உள்ள தெற்கு விளிம்பே பொருத்தமானது. லாஸ் வேகாஸ் நகரில் தங்கிக்கொண்டு ஒரே நாளிற் போய் வருவோரும் உளர். அது ஒரு வழிக்கு ஏறத்தாழ 450 கி.மீ. ஒன்பது மணித்தியாலம் வாகனத்திற் கழிந்தபின் கன்யனுக்கு என்ன நேரம் மிஞ்சும்? பரீட்சையில் "பொருத்தமற்ற திட்டம் ஒன்றைக் குறிப்பிடுக" எனக் கேட்டால் இதனைத் தயங்காமல் எழுதலாம்.

நேரக் கணிப்பு

அரிசோனாவின் நியம நேரம் மேற்கு 105 பாகை நெடுங்கோட்டையும், இலங்கையின் நியம நேரம் கிழக்கு 82 பாகை 30 கலை நெடுங்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒன்று மேற்கு, மற்றையது கிழக்கு ஆதலால் இரண்டையும் கூட்ட வேண்டும். (கழித்துவிட்டு எல்லாப் புள்ளிகளையும் இழப்போர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பர்.)

105 + 82.5 = 187.5 பாகை
187.5 × 4 நிமிடம் = 750 நிமிடம் = 12 மணி 30 நிமிடம்

கிழக்கே உள்ள இலங்கை நேரத்தால் முந்தியது. குடும்பம் மு.ப. 6.15 இற்கு விளிம்பை அடைந்ததும் அம்மம்மா யாழ்ப்பாணத்திலுள்ள தங்கையுடன் தொலைபேசியிற் பேச விரும்பினால், அங்கு அதே நாள் பி.ப. 6.45 ஆகும். பகலுணவு முடித்து 12.30 இற்குப் பேசலாம் என எண்ணினால் அங்கு மறுநாள் அதிகாலை ஒரு மணி. தங்கையின் நித்திரை குழம்பும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துகின்றன. அரிசோனா நகர்த்துவதில்லை. அம்மாநிலத்தினுள் உள்ள நவஹோ மக்களின் நிலப்பகுதி மட்டும் நகர்த்துகின்றது. ஆகவே மாநில எல்லையைத் தாண்டுவோர் கைக்கடிகாரத்தை மட்டும் நம்பிப் பஸ் நேரம் பார்க்கக்கூடாது.

ஆறு வெட்டிய படிகள்

கொலராடோ மேட்டுநிலம் மேலுயர்த்தப்பட்டபோது ஆற்றின் சாய்வு அதிகரித்தது. வேகமடைந்த நீர், தான் சுமந்து வந்த மணலையும் கற்களையும் கருவியாகக் கொண்டு படுக்கையை நிலைக்குத்தாக அரித்தது. வறண்ட காலநிலை ஆதலாற் பக்கச் சுவர்கள் வானிலையாலழிந்து அகலும் வேகம் குறைவு. எனவே சாதாரண "வி" வடிவப் பள்ளத்தாக்கிற்குப் பதிலாகச் செங்குத்தான கன்யன் உருவாகியது. பெரும்பாலான ஆய்வாளரின் கருத்துப்படி இவ்வெட்டுதலின் பெரும்பகுதி கடந்த 50 முதல் 60 இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. பாறைகளோ மிகப் பழையவை. விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளும், ஆற்றருகேயுள்ள உருமாறிய பாறைகள் ஏறத்தாழ 175 கோடி ஆண்டுகளும் வயதுடையன. பாறையின் வயதும் பள்ளத்தாக்கின் வயதும் ஒன்றல்ல என்பதை விடையிற் பிரித்து எழுதுக.

சமவுயரக்கோட்டுப் படத்தில் இங்கு கோடுகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டியும், அடுத்த இடத்தில் விலகியும், மீண்டும் ஒட்டியும் காணப்படும். சுண்ணாம்புக்கல், மணற்கல் போன்ற வன்பாறைகள் செங்குத்துச் சுவராக நிற்கின்றன. மாக்கல் போன்ற மென்பாறைகள் சாய்வாகத் தேய்கின்றன. ஆகவே பக்கச் சுவர் படிக்கட்டுப் போல அமைந்துள்ளது. நடைபாதைகள் இச்சுவர்களில் வளைந்து வளைந்தே இறங்குகின்றன. படத்தில் நேர்கோடு போட்டு அளந்தால் உண்மையான நடைத் தூரம் கிடைக்காது. நூலை வளைவுகளின்மீது வைத்து அளக்கும் முறை இங்குதான் பயன்படும்.

மேட்டுநிலம் தெற்கு நோக்கிச் சாய்ந்துள்ளமையையும் கவனிக்க. வடக்கு விளிம்பிற் பெய்யும் மழை கன்யனுக்குள் ஓடி, அப்பக்கத்தை அதிகம் அரிக்கின்றது. தெற்கு விளிம்பிற் பெய்வது கன்யனை விட்டு விலகி ஓடுகின்றது. இதனால் ஆறு தெற்கு விளிம்பிற்குக் கிட்டவாக உள்ளது. தெற்குப் பக்கப் பாதைகள் நீளத்திற் குறைந்தவை. மகனுக்கு ஆறு எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

இறங்கலாமா?

தெற்கு விளிம்பிலுள்ள பிரைட் ஏஞ்சல் பாதையின் தொடக்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,090 மீற்றர் உயரத்தில் உள்ளது. கீழே ஆற்றருகேயுள்ள பாண்டம் ராஞ்ச் என்னும் தங்குமிடம் ஏறத்தாழ 750 மீற்றரில் உள்ளது. வித்தியாசம் 1,340 மீற்றர். 1,000 மீற்றருக்கு 6.5 பாகை செல்சியஸ் என்னும் வீதப்படி கணித்தால் கீழே 8.7 பாகை அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பநிலை தெற்கு விளிம்பில் ஏறத்தாழ 29 பாகை, பாண்டம் ராஞ்சில் ஏறத்தாழ 41 பாகை. வித்தியாசம் 12 பாகை.

கணிப்புப் பிழையா? இல்லை. 6.5 என்பது வளிமண்டலத்தின் பொதுச் சராசரி. வறண்ட வளி 1,000 மீற்றர் இறங்கும்போது ஏறத்தாழ 10 பாகை வெப்பமடையும். அத்துடன் பாறைச் சுவர்கள் பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சி வெளிவிடுகின்றன. எனவே கணித்த விடையை எழுதிய பின்னர், "வறண்ட வளியும் பாறைச் சுவரின் கதிர்வீசலும் காரணமாக உண்மை வெப்பநிலை இதனிலும் கூடலாம்" என ஒரு வசனம் சேர்ப்பவரே விடயத்தை விளங்கியவர்.

இனிப் பயணத்தின் திசையை நோக்குக. சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் முதலில் ஏறுகின்றனர். களைப்பு வந்தால் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். கன்யனில் இது தலைகீழ். காலையிற் குளிரில், உற்சாகத்தில், இறக்கத்தில் நடை இலகுவாக இருக்கும். களைப்புத் தெரியும்போது மீதமிருப்பது முழுவதும் ஏற்றம், அதுவும் வெயிலில். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இரு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி.

மகனின் யோசனையிற் பாதியையாவது பரிசோதிப்போம். ஆற்றுக்குச் செல்லும் வழியில் 7.2 கி.மீ. தூரத்தில் ஹவசுபாய் கார்டன்ஸ் என்னும் பசுமையான இடம் உண்டு. (அங்கு வாழ்ந்து வெளியேற்றப்பட்ட ஹவசுபாய் மக்களின் கோரிக்கைப்படி 2022இல் இப்பெயர் இடப்பட்டது.) மு.ப. 8.30 இற்குப் புறப்பட்டு இரண்டரை மணித்தியாலத்தில் இறங்கினால் 11.00 மணி. ஏற ஐந்து மணித்தியாலம். ஓய்வே எடுக்காவிட்டாலும் பி.ப. 4.00 மணி. கோடையில் மு.ப. 10 முதல் பி.ப. 4 வரை உட்பகுதியில் நடக்க வேண்டாம் எனப் பூங்கா நிருவாகம் அறிவுறுத்துகின்றது. இத்திட்டத்தில் ஏற்றம் முழுவதும் சரியாக அந்நேரத்திலேயே விழுகின்றது. ஆறு இதற்கும் அப்பால் உள்ளது. ஒரே நாளில் ஆற்றுக்குச் சென்று திரும்ப முயல வேண்டாம் என்று அங்கு எச்சரிக்கைப் பலகைகளே வைத்துள்ளனர். ஆண்டுதோறும் 250 பேருக்கு மேற்பட்டோர் கன்யனிலிருந்து மீட்கப்படுகின்றனர். இளவயதினர், திடகாத்திரமானவர்களும் வெப்பத் தாக்கத்திற்குள்ளாகி இறந்துள்ளனர். எனவே மகனுக்கு விடை: ஆறு இல்லை. ஆனால் இறங்கவே வேண்டாம் என்பதும் அல்ல.

அன்றைய நாள்

மு.ப. 4.45 இற்குப் பிளாக்ஸ்டாஃபிலிருந்து புறப்பட்டால் 6.15 இற்கு விளிம்பில் நிற்கலாம். சூரியன் தாழ்வாக இருக்கும் அந்நேரத்தில் நிழல்கள் நீண்டு, படிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகத் தோன்றும். படம் எடுப்போர் இதனை அறிவர்.

6.45 இற்குப் பெற்றோரும் மகனும் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்குகின்றனர். இலக்கு 2.4 கி.மீ. தூரத்திலுள்ள முதலாவது ஓய்வுமனை மட்டுமே. இறக்கம் ஏறத்தாழ 345 மீற்றர். 7.30 இற்கு அங்கே, அரை மணித்தியால ஓய்வு, 8.00 மணிக்கு ஏறத் தொடங்கினால் 9.30 இற்கு விளிம்பு. வெப்பம் ஏறுமுன் வெளியே வந்துவிடுவர். ஓய்வுமனையிற் கோடையில் நீர் கிடைப்பது வழக்கம். எனினும் போகவும் வரவும் தேவையான நீரை மேலேயிருந்தே கொண்டு செல்ல வேண்டும். தெற்கு விளிம்பிற்கான நீர், வடக்கு விளிம்பின் கீழுள்ள ஊற்றிலிருந்து கன்யனைக் குறுக்கறுத்து வரும் குழாய் மூலம் கிடைக்கின்றது. 2024 ஓகஸ்டில் அக்குழாய் பல இடங்களில் உடைந்து, தெற்கு விளிம்பில் இரவுத் தங்கலையே சில நாட்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. நீரை மட்டும் அளவின்றிக் குடித்து உப்பு உண்ணாதிருப்பதும் ஆபத்து. வியர்வையுடன் உப்பும் வெளியேறுவதால் குருதியிற் சோடியம் குறைந்து மயக்கம் வரும். உப்பிட்ட கடலை, பிஸ்கற் போன்றவை பையில் இருக்கட்டும்.

இதற்கிடையில் அம்மம்மா விளிம்பில் மர நிழலில் அமர்ந்து தங்கையுடன் பேசி முடித்திருப்பார். பின்னர் நால்வரும் யாவபாய் புவிச்சரிதவியல் நூதனசாலைக்குச் செல்லலாம். அதனருகே "காலப் பாதை" என்னும் நடைபாதை உண்டு. அதில் ஒரு மீற்றர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகள் கடந்ததாகக் கொள்ள வேண்டும். கைபாப் சுண்ணாம்புக்கல்லை அடைய 270 மீற்றரும், ஆற்றருகேயுள்ள பாறைகளை அடைய ஏறத்தாழ 1,750 மீற்றரும் நடக்க வேண்டும். கன்யனின் பெரும்பகுதியை ஆறு வெட்டிய காலமோ முதல் ஐந்தாறு மீற்றருக்குள் முடிந்துவிடுகின்றது. அளவுத்திட்டம் என்றால் என்ன என்பதை உடம்பால் உணர இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சமதரையான பாதை ஆதலால் அம்மம்மாவும் நடக்கலாம்.

பிற்பகலில் இலவசப் பஸ்ஸில் மேற்குப்புறக் காட்சிமுனைகளைப் பார்க்கலாம். ஜூன் மாதத்திற் சூரியன் மறைவது ஏறத்தாழ 7.45 இற்கு. அஸ்தமனம் வரை நிற்பதாயின் அதிகாலை எழுந்து, வாகனம் ஓட்டி, நடந்தும் முடித்த தந்தையிடம் இரவில் மீண்டும் வாகனத்தைக் கொடுக்கக்கூடாது. வீதியிற் பெரிய மான்கள் குறுக்கிடும். தாய் பிற்பகலில் ஓய்வெடுத்து, திரும்பும்போது ஓட்டலாம். இல்லையேல் 5 மணிக்கே புறப்படலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பிரைட் ஏஞ்சல் பாதையின் முதல் 2.4 கி.மீ. இல் இறக்கம் 345 மீற்றர். சாய்வு விகிதத்தைக் காண்க.

2. டிசெம்பர் மாதத்தில் லாஸ் வேகாஸின் நேரம் அரிசோனாவிற்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. மு.ப. 5.00 இற்கு அங்கிருந்து புறப்பட்டு நாலரை மணித்தியாலம் பயணம் செய்யும் ஒருவர் தெற்கு விளிம்பை அடையும் உள்ளூர் நேரம் யாது? அப்போது இலங்கையில் நேரம் யாது?

3. கொலராடோ என்பது செந்நிறத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். 1963இல் கிளென் கன்யன் அணையில் நீர் தேக்கத் தொடங்கிய பின்னர் ஆறு பெரும்பாலும் பச்சை நிறமாகத் தெளிந்து ஓடுகின்றது. காரணம் கூறி, ஆற்றின் அரிக்கும் செயலில் இதனால் ஏற்படக்கூடிய மாற்றம் ஒன்றைக் குறிப்பிடுக.

4. மேற்படி குடும்பம் ஜூனுக்குப் பதிலாக ஜனவரியிற் செல்கின்றது. விளிம்பருகே பாதையிற் பனிக்கட்டி உறைந்திருக்கும், பகல் ஏறத்தாழ பத்து மணித்தியாலமே இருக்கும். நாளின் திட்டத்தில் எவற்றை மாற்றுவீர்? ஒவ்வொன்றுக்கும் காரணம் தருக.