800 மீற்றரும் ஒட்சிசனும்

உயர்தர உயிரியலில் காற்றுச் சுவாசத்தையும் காற்றின்றிய சுவாசத்தையும் இரண்டு நிரல்களாகப் பிரித்து அட்டவணை கீறுகிறோம். நெடுந்தூர ஓட்டம் ஒரு நிரலில், குறுந்தூர ஓட்டம் மற்றதில். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஓடும் உடலுக்குள் அப்படியொரு கோடு கிடையாது.

ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழக் கால் லீற்றர் ஒட்சிசனை உள்ளெடுக்கிறார். வேகமாக ஓடத் தொடங்கியதும் தசைகளின் தேவை உடனே பல மடங்காகிறது. இதயத்தாலும் நுரையீரலாலும் அவ்வளவு விரைவாக ஈடுகொடுக்க முடியாது. ஆகவே முதற் செக்கன்களில் தசையில் ஏற்கனவே உள்ள ஏ.ரி.பி.யும் கிரியற்றீன் பொசுபேற்றும் செலவாகின்றன. கூடவே குளுக்கோசு ஒட்சிசனின்றி உடைந்து இலற்றிக்கமிலம் உண்டாகிறது. அந்த நேரத்திலும் ஒட்சிசன் உள்ளெடுப்பு முதல் அடியிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான ஏ. வி. ஹில், முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு தானே புற்றரையில் ஓடி, வெளிவிட்ட மூச்சை அதில் சேர்த்து ஆராய்ந்தார். இன்று பயிற்சி பெற்றவர்களை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, முகமூடி வழியாக ஒவ்வொரு மூச்சையும் அளக்கிறார்கள். அப்படிக் கிடைத்த கணக்குகளின்படி, 200 மீற்றரில் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 30 வீதம் ஒட்சிசனின் துணையோடு கிடைக்கிறது. 400 மீற்றரில் அது 40 வீதத்தைத் தாண்டுகிறது. 800 மீற்றரிலோ 60 வீதத்துக்கும் மேல்! ஓடத் தொடங்கி அரை நிமிடத்துக்குள்ளேயே காற்றுச் சுவாசம் முந்திவிடுகிறது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் நம் நாட்டின் தருஷி கருணாரத்ன 2 நிமிடம் 3.20 செக்கன்களில் 800 மீற்றரை வென்றபோது, அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியை நடத்தியது ஒட்சிசன்தான்.

பயிற்சி செய்பவரின் இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான குருதியைத் தள்ளும். தசையில் மயிர்த்துளைக் குழாய்களும் இழைமணிகளும் பெருகியிருக்கும். அதனால் உள்ளெடுப்பு விரைவாக ஏறுகிறது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று: நன்கு பயிற்சி பெற்றவர்கள்கூட 800 மீற்றரில் பெரும்பாலும் தமது உச்ச உள்ளெடுப்பைத் தொடாமலே ஓடி முடிக்கிறார்கள்.

ஓட்டம் நின்ற பிறகும் மூச்சு அடங்காதே, ஏன்? செலவான கிரியற்றீன் பொசுபேற்றை மீண்டும் உண்டாக்கவும், இலற்றிக்கமிலத்தை அகற்றவும், சூடேறிய உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஒட்சிசன் தேவை. ஹில் இதை "ஒட்சிசன் கடன்" என்றார். மகள் மூச்சு வாங்குவதைக் கண்டு, "பிள்ளைக்கு நெஞ்சு பலமில்லை, இனி ஓட வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லும் பெற்றோர் இந்தக் கடனைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஓடி முடித்தவளை உடனே உட்கார வைக்காமல் மெதுவாக நடக்க விட்டால் இலற்றிக்கமிலம் விரைவாகக் குறையும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சில் விசில் போன்ற சத்தம் இருந்தால் மட்டும் கதை வேறு. வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு விடயமும் உண்டு. ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். மாதந்தோறும் குருதி இழக்கும் வயதில் அது எளிதில் குறைந்துவிடும். அப்போது எவ்வளவு பயிற்சி செய்தாலும் கால் சோர்ந்துவிடும். இறைச்சி, மீன், பருப்பு, கீரை எல்லாம் நம் வீடுகளில் சமைப்பவைதான். ஆனால் சோறு தின்ற கையோடு குடிக்கும் தேநீர் அந்த இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. எங்கள் வீட்டில் உம்மா இப்போது பிளேன்ரீயை ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் ஊற்றித் தருகிறார். வாப்பாவுக்குத்தான் அது இன்னும் பழகவில்லை.